ஒரே மூச்சில் முப்பத்திரண்டு

சித்த நகந்து உக்காருங்க தம்பி. இல்லீங்க, இந்தப் பைய மேல வெக்க வேண்டாம், மடியிலயே இருக்கட்டும். உள்ள காயிதம் இருக்குது, கசங்கிரக் கூடாது. நீங்க ஈரோடுதானுங்களே? சொல்லவே வேண்டாம். முப்பத்தொரு வருசம் இதே ரூட்டுல கண்டக்டரா நின்னவன் நான். ஆளு படியில கால் வெக்கறப்பவே எந்த ஊரு டிக்கெட்டுன்னு கிழிச்சுக் கையில கொடுத்துப்போடுவேன், அவங்க வாயத் தொறக்கற வேலையே இருக்காது. என்னது, சித்தோடா? சரி, சித்தோடு என்னங்க, ஈரோட்டுக்கு முந்தின ஊருதான. ரெண்டும் ஒண்ணுதான்.

நான் கலெக்டர் ஆபீசுக்குப் போறேன். இன்னைக்குத் திங்கக்கிழமை இல்லீங்களா, மனு வாங்கற நாளு. ஒரு டாக்டர் மேல மனுக் கொடுக்கப் போறேன். சாதாரணமா இல்லீங்க, மூணு பக்கம். தாலுக்கா ஆபீசு வாசல்ல மனு எழுதறவரு இருக்கறாரே, அவரே கையி வலிக்குதுன்னு சொன்னாரு. எழுதுங்க, இன்னும் இருக்குதுன்னு சொன்னேன். ஒரு பொம்பளயச் சாவு வரைக்கும் கொண்டு போயிட்டு, கடசியில என்னையக் குத்தவாளியா வெளிய நிறுத்துனா சும்மா இருக்க முடியுங்களா? நீங்களா இருந்தா இருப்பீங்களா? இருக்க மாட்டீங்க.

என்ற ஊட்டுக்காரி பேரு துளசிமணி. அஞ்சு வருசமா அவளுக்கு ஒரு சீக்கு. வலி கெடையாது, காச்சல் கெடையாது, புண்ணு கெடையாது. நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேராதாம், நடுவுல தடைபட்டுப் போகுதாம். காலைல எந்திரிச்சா நல்லாத்தான் இருப்பா. வேல செய்யச் செய்ய அசந்து போயிரும். சாயந்தரம் பொழுதோட பாத்தீங்கன்னா கண்ணு ரெப்பை தானா எறங்கிக்கும், பேச்சு மூக்கால வரும், சோத்த வாயில வெச்சுக்கிட்டு மெல்லாம உக்காந்திருப்பா. இது தீந்து போற சீக்கு இல்ல, மாத்திரையப் போட்டுக்கிட்டு ஆயுசுக்கும் கூடவே வெச்சுக்கணும்னு சொல்லிப்போட்டாங்க. பேரு என்னமோ நீட்டமா இருக்கும், என்ற வாயில நுழையாது. மனுவுல எழுதியிருக்குது.

மொதல்ல மெட்ராசுக்கே கூட்டிப் போயிட்டுத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம் விடுங்க, நீங்க அங்க வேல பாக்கறவரா இருந்து தொலைச்சா வம்பு. ரயில்ல போயி எறங்கறதுக்குள்ளயே அவ துணியாட்டத் தொவண்டு போயிருவா. பெங்களூர்ல இருக்கற எங்க மக யமுனாதான் சொன்னா, இனி அலைய வேண்டாம்ப்பா, போன்லயே வீடியோவுல பாக்கறாங்க, நான் ஏற்பாடு பண்றேன்னு. எனக்கு அப்பவே புடிக்கலை. கைய வெச்சுப் பாக்காம, நாடியப் புடிக்காம, கண்ணாடிக்குள்ள இருந்துக்கிட்டு என்னத்தைங்க பாப்பாங்க? ஆனா புள்ள சொல்றாளேன்னு தலையாட்டுனேன்.

டாக்டர் பேரு இந்துஜா. மூக்குக் கண்ணாடி, குட்டை முடி, யமுனாவ விடச் சின்னவ. அம்மிணின்னுதான் கூப்புடுவேன். ஆறு வாரத்துக்கு ஒருக்கா, வியாழக்கிழமை, நாலு மணிக்கு வருவா. ஏன் அம்மிணி, காலைல பத்து மணிக்கு வெச்சுக்கலாமேன்னு மொத நாளே கேட்டேன். அதுக்குச் சொல்றா, காலைல எல்லாரும் நல்லாத்தான் இருப்பாங்க, அசந்திருக்கறப்பப் பாத்தாத்தான் சரியாத் தெரியும், அதுனால நாலு மணி மாத்திரையக் கூட நான் பாத்து முடிச்ச பொறவு போடுங்கன்னு. இது என்ன மரியாதைங்க? ஒரு பொம்பள துவண்டு கெடக்கறப்பத்தான் வந்து பாப்பேன்னு யாராவது சொல்லுவாங்களா?

நான் என்ன பண்ணுனேன், மாத்திரைய மூணு மணிக்கே கொடுத்துப்போட்டேன். வியாழக்கிழமைன்னா காலைல இருந்தே அவள ஒரு வேல செய்ய விட மாட்டேன். படுத்துக்கடின்னு சொல்லிருவேன். மூணரைக்கு எழுப்பி, மொகம் கழுவி உட்டு, தலை சீவி, தேச்ச சீலை கட்டி, அரிசி டப்பா மேல போனச் சாத்தி வெச்சு, அதுக்கு எதுக்க சேர்ல உக்கார வெப்பேன். ஒறம்பரை வர்றாங்கன்னா ஊடு வாசல் கூட்டித்தானுங்க வெப்போம். டாக்டரம்மா நம்ம ஊட்டுக்குள்ள எட்டிப் பாக்கறா, அழுது வடிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பா? புருசங்காரன் கவனிக்கறதில்லன்னு நெனைக்க மாட்டாளா?

அப்பறம் பரீட்சை நடக்கும். ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்கம்மா, எறக்காமப் புடிங்க. மேல பாருங்க, கண்ணு சிமிட்டாம ஒரு நிமிசம். கன்னத்த உப்பி வெய்யுங்க. கையக் கட்டிக்கிட்டு சேர்ல இருந்து எந்திரிங்க. எந்திரிக்கறப்ப நான் பின்னால நின்னுக்கிட்டு முதுகுல லேசா ஒரு தள்ளுத் தள்ளுவேன். படத்துல தெரியாது. அது ஒரு ஒத்தாசைதானுங்களே. பஸ்சுல ஏற முடியாதவங்களுக்குக் கை கொடுக்கறதில்லீங்களா, அந்த மாதிரி.

அப்பறம் எட்டுக் கேள்வி. பேசறதுல செரமம் இருக்குதா, மெல்றதுல, முழுங்கறதுல, மூச்சு விடறதுல, பல்லு வெளக்கித் தலை சீவறதுல, எந்திரிக்கறதுல, பாக்கறது ரெட்டையாத் தெரியுதா, ரெப்பை எறங்குதா. ஒவ்வொண்ணுக்கும் சைபர்ல இருந்து மூணு வரைக்கும் மார்க்கு. மொத தடவ நான் எல்லாத்துக்கும் மூணு மூணுன்னு சொல்லிப்போட்டேன். பாஸ் ஆக வேண்டாமுங்களா? அந்தப் புள்ள பதறிப்போயி, இப்பவே ஆஸ்பத்திரியில சேக்கணும், வண்டி அனுப்பட்டுமான்னு கேக்கறா. அப்பறம் யமுனா போன் பண்ணிச் சொல்றா, மூணுன்னா படு மோசம், சைபர்னாத்தான் நல்லதுன்னு. அதை மொதல்லயே சொல்லியிருக்க வேண்டியதுதான? அடுத்த தடவைல இருந்து எட்டுக்கும் சைபர். ஒரு மார்க்கு ஏற விடலை.

அவளக் கேட்டுச் சொன்னீங்களாங்கறீங்களா? கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? கூடவே இருக்கறவனுக்குத் தெரியாதா? தலை சீவ முடியுதான்னு கேள்வி. சீவி உடறதே நான்தான், அப்பறம் அவளுக்கு என்ன செரமம்? சைபர். மெல்ல முடியுதான்னு கேள்வி. சோத்தக் கொழைய வடிச்சு ரசத்துல கரைச்சுக் கொடுக்கறேன், மெல்ற வேலையே கெடையாது. சைபர். இந்த ஊர்ல எந்த ஆம்பளைங்க பொண்டாட்டிக்கு ஜடை பின்னி உடறான்? மொதல்ல எனக்குப் பின்னத் தெரியாது. பக்கத்து ஊட்டுப் புள்ளகிட்டக் கத்துக்கிட்டேன். அதைப் பத்தி ஒரு கேள்வி இருக்குதா அந்த எட்டுல? இல்ல.

துளசிமணியும் ஒண்ணு ரெண்டு தடவ வாயத் தொறந்தா. "ஏனுங், பொழுதோட..." அப்படின்னு ஆரம்பிப்பா. அவ ஆரம்பிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி ஈரோடு போயித் திரும்பி வந்துரும். பொழுதோட சித்த அசதி, எல்லாருக்கும் இருக்கறதுதான் அம்மிணின்னு நானே முடிச்சு வெச்சிருவேன். அந்தப் புள்ளைக்கு ஆயிரம் வேல இருக்கும், அத எதுக்குக் காக்க வெக்கணும்?

இருங்க, இருங்க, நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியும். அதுக்குத்தான் வர்றேன்.

அதுக்கப்பறம் ரெண்டு தடவ பாத்தா. ரெண்டு தடவையும் சைபர். நாலாந்தடவ சிரிச்சுக்கிட்டே சொல்றா, அம்மா ரொம்ப நல்லா இருக்கறாங்க, காலைல போடற இந்தப் பெரிய மாத்திரை ரொம்ப நாள் சாப்புட்டா எலும்புக்குக் கெடுதல், சர்க்கரை ஏறும், மெல்ல மெல்லக் கொறைச்சுக்கலாம்னு. எனக்குப் பெருமையாப் போச்சு. அன்னைக்கு யமுனாகிட்ட அரை மணி நேரம் பேசுனேன், உங்கம்மா பாஸாயிட்டான்னு. இப்பச் சொல்லுங்க, மாத்திரையக் கொறைச்சது யாரு? நானா? அவ எழுதுன சீட்டு இருக்குது. மனுவோட சேத்துக் குத்தி வெச்சிருக்கறேன். அவ கொறைச்சா, இவ படுத்தா. இத்தினிதான் விசயம். இதுக்கு மூணு பக்கமே தேவையில்ல.

கொறைச்ச பொறவு ஒரு மாசத்துல துளசிமணிக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துச்சு. எங்க உக்காந்தாலும் தாடைக்குக் கையக் கொடுத்துக்கிட்டு உக்காந்திருப்பா. எழவு ஊட்டுல உக்காந்திருக்கறாப்பல. எடு கையன்னு சொல்லுவேன். எடுப்பா. எடுத்தா தலை முன்னால எறங்கிரும். மறுக்காவும் கையக் கொடுத்துக்குவா. எனக்கு எரிச்சலா வரும். நல்ல நாளும் அதுவுமா இப்படி உக்காரறியேன்னு எத்தனை தடவ சத்தம் போட்டிருப்பேன் தெரியுங்களா? அதுவும் அவ நல்லதுக்குத்தான்.

அஞ்சாவது தடவ டாக்டர் வந்தப்பவும் அப்படித்தான் உக்காந்திருந்தா. கைய நானே எடுத்து மடியில வெச்சேன். மேல பாக்கச் சொன்னா, இருபது எண்றதுக்குள்ள எடது ரெப்பை எறங்கிருச்சு. அம்மாவுக்குக் கண்ணு சொருகுதேங்கறா. மத்தியானம் தூங்கலை, தூக்கம் வருதுன்னு சொன்னேன். அப்பறம் புதுசா ஒண்ணு சொன்னா. மூச்ச நல்லா இழுத்துப் புடிச்சுக்கிட்டு, ஒரே மூச்சுல எத்தனை எண்ண முடியுதோ எண்ணுங்கம்மா, நடுவுல மூச்சு எடுக்கக் கூடாதுன்னு. மூச்சுத் தசை எப்படி இருக்குதுன்னு அதுல தெரியுமாம்.

துளசிமணி ஆரம்பிச்சா. ஒண்ணு, ரெண்டு, மூணு. எங்க ஊட்டுல டவர் எப்பவும் வந்து வந்து போகும். அந்தப் புள்ள மொகம் வாயப் பாதி தொறந்தாப்பலயே அப்படியே நின்னு போச்சு. இவ எண்ணிக்கிட்டே இருக்கறா. பன்னெண்டுல நின்னுட்டா. வாயத் தொறந்து காத்த இழுக்கறா. நான் என்ன பண்றது? பதிமூணுன்னு எடுத்துக் கொடுத்தேன். அவ மூச்ச எடுத்துக்கிட்டுப் பதினாலுன்னா. நடுவுல ரெண்டு தடவ நிறுத்துனா, நான் உடலை. ரெண்டு பேருஞ் சேந்து முப்பத்திரண்டு வரைக்கும் போனோம்.

அப்பத்தான் படம் அசைஞ்சுது. எனக்கு ஏழோட நின்னுருச்சு, எத்தனை வரைக்கும் எண்ணுனாங்கன்னு கேக்கறா. முப்பத்திரண்டுன்னேன். ஒரே மூச்சுலயாங்கறா. ஒரே மூச்சுலதான் அம்மிணின்னேன். துளசிமணி என்னையத் திரும்பிப் பாத்தா. நான் கண்ணக் காட்டுனேன், பேசாம இருன்னு. அந்தப் புள்ளைக்கு என்னமோ தோணியிருக்கோணும், இன்னொருக்கா எண்ணச் சொல்லட்டுங்களான்னு கேட்டா. டவர் போகுது அம்மிணி, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லி வெச்சுட்டேன். முப்பத்திரண்டுங்கறது அவ எண்ணுனதுதானுங்க. நான் பொய் சொல்லலை. அவ வாயாலதான் எண்ணுனா.

மறுநாள் வெள்ளிக்கிழமை. என்ற தங்கச்சி பேத்திக்குச் சீரு. அந்தப் புள்ள கூப்புட்டா, சீரு நடக்கற எடத்துல எப்படி எடுக்கறது? எடுக்கலை. ஒரு தடவ எடுக்கலைன்னா விட்டுப்போட்டுப் போறதுங்களா ஒரு டாக்டரு? மூணு தடவ கூப்புட்டா, அது வேற விசயம். உண்மையாவே அக்கறை இருந்தா வேற வழி பாத்திருக்க மாட்டாளா? யமுனாவுக்கும் போன் பண்ணியிருக்கறா. யமுனா எனக்கு அடிச்சா, எல்லாம் நல்லா இருக்கறோம்னு சொல்லிட்டுச் சாப்பாட்டுப் பந்தியப் பாக்கப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்புட உக்காந்தோம். ரசஞ்சோறுதான். ரெண்டு வாயி உள்ள போச்சு. மூணாவது வாயி மூக்கு வழியா வந்துச்சு தம்பி. பொறை ஏறிருச்சுன்னு தலையத் தட்டுனேன், தண்ணியக் கொடுத்தேன். தண்ணியும் மூக்கு வழியா வருது. கழுத்து நிக்கலை. கண்ணு ரெண்டும் மூடியிருக்குது, ஆனா அவளுக்கு நெனவு இருக்குது. என்ற கையப் புடிக்கறா, புடிக்கறதுக்குப் பலமில்ல. சத்தம் போடுடி, என்னமாச்சும் சொல்லுடின்னு கத்தறேன். ஒதடு மட்டும் அசையுது. அந்தப் பக்கத்து ஊட்டுப் புள்ளதான் ஆம்புலன்சுக்கு அடிச்சுது. நான் போன எங்க வெச்சேன்னு தெரியாம அரிசி டப்பாவுக்குள்ள கைய உட்டுத் தேடிக்கிட்டு இருந்தேன்.

ஈரோட்டுல கொண்டு போயித் தொண்டையில கொழாயப் போட்டு மிஷின்ல மாட்டுனாங்க. மூச்சத் தானா விட முடியலையாம். இன்னும் கால் மணி நேரம் ஆயிருந்தா அவ்வளவுதான்னு சொன்னாங்க. நான் அந்த வராண்டாவுல மூணு நாள் உக்காந்திருந்தேன். அழுதேன், மறைக்கறதுக்கு என்னங்க இருக்குது. அழுகை வர்றப்பவெல்லாம் அந்தப் புள்ள மொகந்தான் ஞாபகம் வந்துச்சு, சிரிச்சுக்கிட்டே மாத்திரையக் கொறைக்கலாம்னு சொன்ன மொகம். அன்னைக்கே முடிவு பண்ணிப்போட்டேன், மனுக் கொடுக்காம விடறதில்லன்னு.

மூணாம் நாளு சாயந்தரம் உள்ள கூப்புட்டாங்க. ஒரு நர்சு கையில பெரிய போனு மாதிரி ஒண்ணப் புடிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்குள்ள இந்துஜா. ஈரோட்டு டாக்டருங்க அவகிட்டத்தான் கேட்டுக் கேட்டு மருந்து போட்டுக்கிட்டு இருந்திருக்கறாங்க. மூணு நாளா அந்தப் புள்ளயும் சரியாத் தூங்கலையாட்டத் தெரிஞ்சுது. தெரியட்டும். என்னையக் கேக்கறா, ஐயா, வியாழக்கிழமைக்கு முன்னால அம்மா ஊட்டுல எப்படி இருந்தாங்கன்னு. நல்லாத்தான் இருந்தா, நீ மாத்திரையக் கொறைச்சுத்தான் கெடுத்தேன்னு மொகத்துக்கு நேரா சொன்னேன்.

அப்பத் துளசிமணி கைய அசைச்சா. நர்சு ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்துச்சு. பேனா நழுவி நழுவி விழுது, மறுக்கா மறுக்கா எடுத்துக் கொடுத்துச்சு. ரொம்ப நேரம் பாடுபட்டு ரெண்டே எழுத்துக் கிறுக்குனா. ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ரெண்டு. பன்னெண்டு. மணி கேக்கறா போலருக்குதுன்னு, பன்னெண்டு இல்லடி, அஞ்சாகப் போகுதுன்னு சொன்னேன். இல்லைன்னு வெரல ஆட்டறா. மறுக்காவும் அதையே எழுதறா. மருந்து போதையில கிறுக்கறான்னு நான் அட்டைய வாங்கப் போனேன்.

அந்தக் கண்ணாடிக்குள்ள இருந்து சத்தம் வந்துச்சு. "அம்மா, அன்னைக்கு நீங்க பன்னெண்டு வரைக்கும்தான் எண்ணுனீங்களா?"

துளசிமணி ஆமான்னு கண்ண மூடித் தொறந்தா. மூடுன கண்ணுல இருந்து தண்ணி வடிஞ்சு காதுக்குள்ள போச்சு.

அந்தப் புள்ள என்னையத் திட்டலைங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், கணக்குத் தீந்திருக்கும். மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மாட்டிக்கிட்டா. அப்பறம் மெதுவாச் சொல்றா, ஐயா, கொஞ்சம் வெளிய இருங்க, நான் அம்மாகிட்டத் தனியாப் பேசிக்கறேன்னு. யாரு? நானு! நாப்பத்தி ரெண்டு வருசமாக் கூட வாழ்ந்தவன். கொழாயப் போட்டு வாய அடைச்சு வெச்சிருக்கற பொம்பளகிட்ட அவ என்னத்தைத் தனியாப் பேசப் போறா? ஒரு நர்சுப் புள்ள என்ற தோளத் தொட்டு வெளிய கூட்டிக்கிட்டுப் போச்சு. அந்த அவமானத்த எந்தக் கலெக்டருங்க தீத்து வெப்பாரு? ஆனாலும் எழுதியிருக்கறேன். ரெண்டாம் பக்கம் முழுக்க அதுதான்.

பத்தொம்பது நாள் கழிச்சு ஊட்டுக்குக் கூட்டியாந்தேன். மாத்திரைய மறுக்கா ஏத்திப்போட்டாங்க. இப்ப மெல்ல நடக்கறா, பேசறா, நிறுத்தி நிறுத்தித்தான் பேசறா. அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு அரிசி டப்பா மேல போனச் சாத்தி வெச்சேன். மூணு மணி மாத்திரையக் கொடுக்கப் போனா வேண்டாம்னுட்டா. தேச்ச சீலையும் வேண்டாம்னுட்டா. இந்துஜா வந்தா. வணக்கம் ஐயான்னா. அப்பறம் அதே பாட்டு, கொஞ்சம் வெளிய இருங்க. என்ற ஊட்டுல இருந்து, என்ற அரிசி டப்பா மேல நின்னுக்கிட்டு, என்னைய வெளிய போகச் சொல்றா தம்பி. துளசிமணி மொகத்தப் பாத்தேன், அவளாச்சும் இருக்கட்டும்னு சொல்லுவான்னு. தலையக் குனிஞ்சுக்கிட்டா.

போனேன். கதவச் சாத்திட்டு அதுக்குப் பக்கத்துலயே நின்னேன். நிக்கக் கூடாதுன்னு ஒண்ணும் சொல்லலையே.

முக்கா மணி நேரம் பேசுனா. துளசிமணி! கல்யாணம் ஆனதுல இருந்து என்ற கூட அவ சேந்தாப்பல அஞ்சு நிமிசம் பேசி நான் பாத்ததில்ல. மூணு வார்த்தை பேசறா, மூச்சு எடுத்துக்கறா, மறுக்கா மூணு வார்த்தை. அந்தப் புள்ள நடுவுல ஒரு சத்தம் போடலை. படுத்தா மூச்சு முட்டுதுன்னு நாலு மாசமா சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்கறாளாம். நான் டிவி பாக்கறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வாயில போட்ட சோத்த முழுங்க முடியாம, நான் திரும்பறப்ப முந்தானையில துப்பி, கோழிக்குப் போட்டிருக்கறா. அதுக்குத்தான் அந்தக் கோழிங்க அவ பின்னாலயே திரிஞ்சுதுங்களா? இதெல்லாம் ஏம்மா ஐயாகிட்டச் சொல்லலைன்னு அந்தப் புள்ள கேக்குது. சொன்னாக் கோவிச்சுக்குவாருங்கறா.

நான் எப்பங்க கோவிச்சுக்கிட்டேன்? நீங்க இத்தினி நேரமா என்ற கூட உக்காந்திருக்கறீங்க, நீங்களே சொல்லுங்க, நான் கோவக்காரனா? சத்தமாப் பேசுவேன். முப்பத்தொரு வருசம் பஸ்சுல கத்துனவன் மெதுவாப் பேசுவானா? அதுக்குப் பேரு கோவமா?

கடசியில எண்ணச் சொன்னா. ஒரே மூச்சுல. கதவுக்கு அந்தப் பக்கம் அவ எண்றா, இந்தப் பக்கம் நான் நிக்கறேன். பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு. நின்னுட்டா. பத்தொம்பது என்ற வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன். உள்ள அந்தப் புள்ள சொல்லுது, பதினெட்டு, சரிங்கம்மா, எழுதிக்கிட்டேன், போன தடவைக்கு ஆறு எச்சா இருக்குது, பரவாயில்லன்னு. துளசிமணி சிரிச்சா. சிரிக்கறது கேட்டுச்சு. அந்தச் சிரிப்பக் கேட்டதுந்தான் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. பதினெட்டுக்கு என்னடி சிரிப்பு? நான் முப்பத்திரண்டு வாங்கிக் கொடுத்தேன், அதுக்கு நீ சிரிக்கலையே.

மறுநாளே தாலுக்கா ஆபீசுக்குப் போயி மனுவ எழுதுனேன். எழுதுனவரு சொன்னாரு, பாதிக்கப்பட்டது உங்க சம்சாரம், அவங்க கையெழுத்து இல்லாம இது நிக்காதுன்னு. கொண்டு போயி அவ முன்னால வெச்சேன். பேனாவையும் தொறந்து கையில கொடுத்தேன். படிச்சா. மூணு பக்கமும் நிறுத்தி நிறுத்திப் படிச்சா. படிச்சுப்போட்டு பேனாவ மூடி என்ற பக்கமே வெச்சுட்டா. போட மாட்டேங்கறா.

ஏண்டி போட மாட்டேன்னேன். உன்னையச் சாகடிக்கப் பாத்தவ அவ, அவளுக்கு என்ன இத்தினி பரிஞ்சுக்கிட்டு வர்றே, நாப்பத்தி ரெண்டு வருசம் கூட இருந்தவன் நானா, கண்ணாடிக்குள்ள இருக்கறவளா, அவ உனக்கு ஜடை பின்னி உட்டாளா, சோறு கரைச்சுக் கொடுத்தாளா, என்கிட்டச் சொல்லாத சேதிய அவகிட்ட எதுக்குடி சொன்னேன்னு கேட்டேன். அவ பதில் சொல்றதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. நான் முடிச்சு வெக்கலை. முடிச்சு வெக்கறதுக்கு எனக்கும் ஒண்ணும் தெரியலை. அவ ரெண்டு தடவ மூச்ச எடுத்துக்கிட்டுச் சொன்னா.

"டாக்டரம்மாகிட்டச் சொன்னா எழுதிக்கறாங்க மாமா. உங்ககிட்டச் சொன்னா, நீங்க பதில் சொல்றீங்க."

அவ்வளவுதான். சொல்லிப்போட்டுக் கோழிக்குத் தீனி போட எந்திரிச்சுப் போயிட்டா, சுவத்தப் புடிச்சுக்கிட்டு.

மூணு வாரமாச்சு தம்பி. இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னுதான் ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கறேன்.